நாலு வட்டிக் கார்டுக் கடனை இறக்கி வைப்பதும், கெட்டுப்போன சிபில் ஸ்கோரைத் தேற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

தீபாவளி வியாபாரம் ஓய்ந்த மறுவாரம், எங்கள் தெருமுனையில் பலகாரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். நான் காரைக்குடியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். பைக்குள் இரண்டு கிரெடிட் கார்டுகள், எண்ணெய்க் கறை படிந்த பத்துப் பதினைந்து ஸ்டேட்மென்ட் தாள்கள்.

"தம்பி, மாசம் தவறாம மூவாயிரம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அறுபதாயிரத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. பேங்க்ல ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான். அவர் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம். 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,100. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 378. ஆக 2,478. கட்டிய 3,000-ல் அசலுக்குப் போனது 522 ரூபாய், ஒரு கிலோ முறுக்கு விலை. கார்டில் மேற்கொண்டு ஒரு பைசா செலவழிக்காமல் இப்படியே மாதம் 3,000 கட்டி வந்தால் கடன் தீர 43 மாதம் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது 1,29,000-க்கு மேல்.

"மினிமம் டியூ" (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) என்று ஸ்டேட்மென்டில் போட்டிருக்கிறார்களே, அதைக் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, பெயர் கெடாது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கடன் குறையும் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது நாலு வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் நாலு ரூபாய், அதற்கும் கொஞ்சம் மேலே. தெருவில் யாராவது நாலு வட்டிக்குக் கொடுக்கிறேன் என்றால் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பிளாஸ்டிக் அட்டையில் வந்ததால் தெரியவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி தானாக இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். நாம்தான் கடனை இறக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிக்குக் காட்டும் எண்தான் சிபில் ஸ்கோர்; அதைத் தேற்றுவது அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறினால் இரண்டுமே நடக்காது.

1. முதலில் ஐந்தொகை போடுங்கள்

என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடியில் வேலை பார்த்தவர். அங்கே நகரத்தார் கூடி அவ்வப்போது "நடப்பு வட்டி" இன்னது என்று நிர்ணயிப்பார்களாம். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதைத் தொட்டுத்தான் நடக்கும். வட்டி என்ன என்று தெரியாமல் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்பார். அப்படிப்பட்ட வழியில் வந்த ஊரில், தன் கார்டின் வட்டி எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கே ஒரு காலத்தில் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தொகை என்றால் கணக்கு முடிக்கும்போது எழுதும் இருப்பு, கடன் பட்டியல். ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, நிலுவை எவ்வளவு, எத்தனை வட்டி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும். கார்டு, நகைக்கடன், குழுக் கடன், மச்சினரிடம் வாங்கிய கைமாற்று, சீட்டில் எடுத்த பணம், எதையும் விடாதீர்கள். வட்டியை எல்லாம் "எத்தனை வட்டி" என்று மாதக் கணக்குக்கே மாற்றி எழுதுங்கள். 12 சதவீத ஆண்டு வட்டி என்றால் ஒரு வட்டி. 42 சதவீதம் என்றால் மூன்றரை வட்டி. எழுதி முடித்ததும் எதை முதலில் இறக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

2. உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்களுடைய தளத்தில் பான் எண்ணும் மொபைல் ஓடிபியும் கொடுத்தால் கிடைக்கும். மாதச் சந்தா கட்டச் சொல்லிப் பெரிய பட்டனாகக் காட்டுவார்கள். இலவச ரிப்போர்ட் பட்டன் சின்னதாக ஓரத்தில் இருக்கும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் சிரித்துப் பேசும். ஆனால் எண்ணைவிட முக்கியம் உள்ளே இருக்கும் விவரம். ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் நாள் தவறவில்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். கணக்கின் நிலை என்ற இடத்தில் "குளோஸ்டு" என்று இருந்தால் நல்லது. "செட்டில்டு" (பாதியில் பேசி முடித்தது) அல்லது "ரிட்டன் ஆஃப்" (வராக்கடன் என்று எழுதித் தள்ளியது) என்று இருந்தால், அதுதான் நோய்.

இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பேரனுக்குத் தாத்தா பெயர். ஒரே வீட்டில் இரண்டு சிதம்பரம், ஒரே தெருவில் நாலு அண்ணாமலை. அந்தக் காலத்தில் பெயருக்கு முன்னால் "விலாசம்" என்று இனிஷியலை வரிசையாக அடுக்கியதால் ஆள் குழம்பவில்லை. வங்கிக் கம்ப்யூட்டரில் ஒரு இனிஷியல், ஆதாரில் விரித்து எழுதிய அப்பா பெயர், பானில் வேறு மாதிரி என்று இருந்தால், ஒருவர் கடன் இன்னொருவர் ரிப்போர்ட்டில் ஏறிவிடுவது உண்டு. நான் கணக்கு எழுதும் மரக்கடைக்காரர் ரிப்போர்ட்டில் அவர் வாங்காத டிராக்டர் கடன் ஒன்று நின்றது. அவருக்கு வயலே கிடையாது.

தவறு இருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் பதிவு செய்யுங்கள். 30 நாளில் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. உண்மையான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஓடிபியும் கொடுக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். அது யாராலும் முடியாது.

3. கடனை எங்கே இறக்கி வைப்பது?

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. நீங்கள் இதுவரை மினிமமாவது தேதி தவறாமல் கட்டி வந்தவரா, இல்லை ஏற்கெனவே தவறிவிட்டவரா?

தவறாமல் கட்டி வந்தவர் என்றால் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு வங்கிக் கார்டின் நிலுவையை இன்னொரு வங்கிக் கார்டுக்குக் குறைந்த வட்டியில் மாற்றுவதுதான் அது. இரண்டு கார்டும் உங்கள் பெயரில், வெவ்வேறு வங்கியில் இருக்க வேண்டும். புதிய கார்டின் லிமிட்டில் முக்கால் பங்கு வரைதான் பெரும்பாலும் மாற்ற விடுவார்கள்.

அண்ணனிடம் இரண்டாவது கார்டு ஒன்று இருந்ததே, அது பெட்ரோல் பங்க் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பையன் தலையில் கட்டியது. லிமிட் 90,000. உறையைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் கல்லாப்பெட்டி அடியில் போட்டு வைத்திருந்தார். 90,000-ல் முக்கால் பங்கு 67,500. அறுபதாயிரம் தாராளமாக அடங்கும். ஒன்றரை வட்டி, 12 மாதத் தவணை, 2 சதவீதம் பிராசஸிங் கட்டணம் என்றார்கள். கால்குலேட்டரை எடுத்தோம்.

பிராசஸிங் 1,200, அதன் ஜிஎஸ்டி 216. மாதத் தவணை 5,501. பன்னிரண்டு மாதத்தில் வட்டி சுமார் 6,010, அதற்கு ஜிஎஸ்டி 1,082. எல்லாம் சேர்த்துக் கடனுக்கு மேல் ஆகும் செலவு 8,500 ரூபாய். பழைய கார்டிலேயே வைத்துக்கொண்டு மாதம் 5,600 கட்டினால் பதினைந்து மாதம் ஆகும், மேல்செலவு 20,800-ஐத் தொடும். வித்தியாசம் பன்னிரண்டாயிரம்.

"மாசம் அஞ்சரையாயிரத்துக்கு எங்க போறது?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. தவணை தாங்காது என்றால் 18 மாதம், 24 மாதம் என்று நீட்டலாம். வட்டி கூடும், ஆனாலும் நாலு வட்டியைவிடத் தேவலை. "இரண்டு மாதம் வட்டியே இல்லை" என்று வரும் சலுகையில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு மாதத்தில் முழுசாகக் கட்டக் கையில் பணம் வரப்போகிறது, கதிர் அறுப்பு முடிகிறது, சீட்டு விழுகிறது என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் மூன்றாம் மாதம் பழைய வட்டிக்கே திரும்பிவிடும்.

ஏற்கெனவே தவணை தவறியவருக்கு பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கொடுக்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டு விண்ணப்பம் போட்டால் ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் ஏறி ஸ்கோர் இன்னும் இறங்கும். அவருக்கு இருக்கும் நல்ல வழி நகை. பெட்டியில் நகை தூங்க, கார்டு நாலு வட்டிக்கு ஓடும் வீடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். வங்கியில் நகைக்கடன் கிட்டத்தட்ட ஒரு வட்டிக்குள் கிடைக்கும், நகைக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அறுபதாயிரத்துக்கு ஒரு வருட வட்டியே ஆறாயிரம் ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்கோரையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். "அப்பத்தா போட்ட காசுமாலை, அடகு வைக்கிறதா?" என்று வீட்டில் சத்தம் வரும், வரட்டும். ஆனால் திருப்புகிற தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். திருப்பாத நகை ஏலத்துக்குப் போகும். நகைக்கடன் பணத்தில் கார்டை அடைத்துவிட்டு, காலியான கார்டில் மறுபடி ஃப்ரிட்ஜ் வாங்கினால் இரண்டு கடனும் உங்களுடையதுதான்.

நகை இல்லையா? கார்டு கொடுத்த வங்கியிடமே நிலுவையை இஎம்ஐ ஆக மாற்றக் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, மாதம் எவ்வளவு முடியும் என்று உள்ளதைச் சொல்லி, பேசியதை மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை அவர்களிடம் நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

செட்டில்மென்ட் என்ற குழி

இதை என் சொந்தக் கதையாகவே சொல்லிவிடுகிறேன். 2020-ல் ஊரடங்கு. நான் கணக்கு எழுதிய கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தவணை கட்ட வேண்டாம் என்று மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. வட்டியும் ஓடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவன் நினைக்கக் கூடாதது. ஓடியது. அடுத்த வருடம் நிலுவை 74,000-ல் வந்து நின்றது. ஒரு பெண் போன் செய்து, "சார், நாற்பதாயிரம் ஒரே தடவையில் கட்டிடுங்க, முடிச்சுக் கொடுத்துடறோம்" என்றார். 34,000 மிச்சம் என்று சந்தோஷமாகக் கட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து வண்டிக் கடன் கேட்டுப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "செட்டில்டு" என்ற ஒரு சொல்லில் விரலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடித்தார். ஸ்கோர் 611.

முழுதாகக் கட்டாமல் பேசி முடித்துக்கொண்டவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு வங்கிகள் எடுத்துக்கொள்ளும் பொருள். அது வருடக்கணக்கில் நிற்கும். நானே பழைய வங்கிக்கு எழுதிக் கேட்டு, தள்ளுபடியான 34,000-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்கி, "குளோஸ்டு" என்று மாற்ற வைத்தேன். வேறு வழியே இல்லாதவர், மருத்துவச் செலவில் விழுந்தவர் செட்டில்மென்ட் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சம் என்று நினைத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

4. மாற்றுகிற வாரத்தில் செய்ய வேண்டியது

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கேட்ட அன்றே பணம் போகாது. சில வேலை நாட்கள் ஆகும். நடுவில் பழைய கார்டின் கெடு தேதி வந்தால் மினிமமாவது கட்டிவிடுங்கள். கெடு தாண்டி மூன்று நாள் வரை லேட் ஃபீஸ் போடவோ சிபிலுக்குச் சொல்லவோ கூடாது என்று விதி இருக்கிறது. அதை நம்பி இழுத்தடிக்க வேண்டாம்.

அறுபதாயிரம் போய்ச் சேர்ந்ததும் பழைய கார்டு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அடுத்த மாதம் வந்து நிற்கும். அண்ணனுக்கு ஒன்பது நாள் வட்டி 630, ஜிஎஸ்டி சேர்த்து 743 ரூபாய் வந்தது. "அதான் அடைச்சாச்சே" என்று விட்டிருந்தால், அந்த 743-க்கு லேட் ஃபீஸ், அதற்கு ஜிஎஸ்டி, கூடவே ரிப்போர்ட்டில் ஒரு கறை. அடுத்த இரண்டு ஸ்டேட்மென்டும் பூஜ்யம் காட்டும் வரை பழைய கார்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தவணை ஓடும் கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். நிலுவை இருக்கும்போது வாங்கும் பொருளுக்குப் பல வங்கிகளில் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் பணம் எடுப்பது இன்னும் மோசம், கட்டணம் தனி, வட்டி அந்த நிமிடத்திலிருந்து.

பழைய கார்டை மூடலாமா? ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் வைத்திருப்பது ஸ்கோருக்கு நல்லது. கை நமநமக்கும் என்றால் மூடிவிடுங்கள், நாலு புள்ளி போனால் போகிறது. நிலுவை இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

5. எஃப்டி கார்டு: கெட்ட பெயருக்கு மருந்து

ஸ்கோர் கெட்டவருக்கு யார் கார்டு கொடுப்பார்கள்? பணத்தை முன்னால் வைத்தால் கொடுப்பார்கள். ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதன் மேல் கார்டு கேட்பதுதான் வழி. வங்கிக்கு வங்கி 5,000 முதல் 25,000 ரூபாய் வரை குறைந்தபட்சம் கேட்பார்கள். டெபாசிட்டில் 80 முதல் 100 சதவீதம் லிமிட் கிடைக்கும். சம்பளச் சீட்டு தேவையில்லை, டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். நீங்கள் கட்டாவிட்டால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் பழைய ஸ்கோரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. சிபிலில் இது மற்றக் கார்டுகளைப் போலவே பதிவாகும். கடனே வாங்காமல் வரலாறு இல்லாதவர்களுக்கும், வீட்டில் பலகாரம் சுட்டு விற்கும் ஆச்சிகளுக்கும்கூட இதே வழிதான்.

நான் 20,000 டெபாசிட் போட்டு 18,000 லிமிட்டில் ஒன்று வாங்கினேன். போட்டது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில்தான் என்று சொல்ல ஆசை. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த வங்கி, தாத்தா ஊர் வங்கி. ஆனால் எந்தக் கிளை வீட்டுக்குப் பக்கமோ, எந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையோ அங்கேதான் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

6. கார்டை எப்படிப் பயன்படுத்துவது

கொஞ்சமாக, அலுப்பாக. 18,000 லிமிட்டில் நான் மாதம் மூவாயிரம் நாலாயிரத்தைத் தாண்டியதில்லை. லிமிட்டில் 30 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது ஸ்கோருக்கு நல்லது. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், மொபைல் ரீசார்ஜ் என்று எப்படியும் செய்யப்போகிற செலவை மட்டும் அதில் வைத்தேன். ரூபே கார்டு என்றால் யுபிஐயில் சேர்த்துக் கடைகளில் ஸ்கேன் செய்தும் கொடுக்கலாம். அதுவே ஆபத்தும்கூட; டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது கடன் வாங்குகிறோம் என்ற நினைப்பே வராது.

ஸ்டேட்மென்ட் தேதியில் என்ன நிலுவை இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் சிபிலுக்குப் போகிறது. ஆகவே ஸ்டேட்மென்டுக்கு இரண்டு நாள் முன்பே பாதிக்கு மேல் கட்டிவிடுவேன், மீதியைக் கெடுவுக்குள் முழுதாக. மினிமம் அல்ல, முழுதாக. ஆட்டோ டெபிட் போடும்போதும் "மொத்த நிலுவை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல இடங்களில் மினிமம்தான் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும்.

2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதால் மாற்றம் முன்னைவிடச் சீக்கிரம் தெரிகிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு முன் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கு 611 என்பது 742 ஆகப் பதினாறு மாதம் ஆனது, அதில் முதல் நாலு மாதம் அசையவே இல்லை. இந்தக் காலத்தில் வேறு கடனுக்கு விண்ணப்பம் போடாமல் இருப்பது பாதி மருந்து.

ஒரு வருடம் ஒன்றரை வருடம் ஓடியதும் அதே வங்கியிடம் டெபாசிட் இல்லாத கார்டு கேட்கலாம். புதுக் கார்டு கைக்கு வந்த பிறகு டெபாசிட்டை விடுவித்துக்கொள்ளுங்கள், முன்னால் அல்ல.

அண்ணனுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி. போன வாரம் போன் செய்தார்.

"தம்பி, ஏர்போர்ட்ல ஓசிச் சாப்பாடு போடுற கார்டாம். தர்றோம்னு ஒரு பொண்ணு தினம் போன் பண்ணுது. வாங்கவா?"

"எந்த ஏர்போர்ட்டுக்குண்ணே போகப் போறீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும். "சரி, வைக்கிறேன். மனகோலம் கருகுது."